வெளியில் யாரையும் தெரியாது

ஜூன் 3, திங்கள்

எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். தினமும் நடந்ததை எழுதி வந்தால் ஞாபகம் கெட்டிப்படுமாம். டாக்டர் திலகவதியின் யோசனை. போன வாரம் ஒரு மீட்டிங்கை மறந்துவிட்டேன் என்பதற்காக இந்தத் தண்டனை. ஐம்பத்திரண்டு வயதில் எவள்தான் மறக்கவில்லை?

என் பெயர் ஒச்சம்மாள். பெரியாஸ்பத்திரியில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு மாத்திரை கொடுக்கும் சென்டரில் களப்பணியாளர். தேதிக்கு மாத்திரை வாங்க வராதவர்களைத் தேடிப் பிடித்து, நாலு வார்த்தை திட்டி, கூட்டி வருவது என் வேலை. எனக்கும் அந்தக் கிருமி உண்டு. செத்துப்போன புருஷன் எனக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான். அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்பத் தோன்றுகிறது. நான் எதையும் மறைப்பதில்லை. மேடையேறி மைக்கில் சொன்னவள், தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் என்னைத் தெரியும்.

மற்றவர்கள் மறைக்கிறார்கள். மறைத்தால்தான் பிழைக்க முடியும். அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம். ஆஸ்பத்திரிக்குள்ளே எல்லோரும் அக்கா தம்பி. கேட்டைத் தாண்டினால் யாருக்கும் யாரையும் தெரியாது. முக்கியமாக என்னைத் தெரியவே கூடாது. சந்தையில் ஒருவரைப் பார்த்து நான் சிரித்தால் போதும், அவர் நெற்றியில் சீட்டு ஒட்டின மாதிரி. இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஞாபகம் போய்விட்டது என்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

கேண்டீன் டீ சகிக்கவில்லை. பால் திரிந்த வாடை. டம்ளர் விளிம்பில் யாருடைய வெற்றிலைக் கறையோ. அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 4

எழுத ஒன்றும் இல்லை. புளிக்குழம்பில் உப்பு கரித்தது. கடை உப்பு மாறிவிட்டது போலிருக்கிறது.

ஜூன் 10, திங்கள்

இன்று டாக்டர் என்னைச் சின்னப்பிள்ளை ஆக்கினார். நாலு வார்த்தை சொல்லி, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். கையை மேஜைமேல் முஷ்டியாக, விரித்து, பக்கவாட்டில் என்று மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார். என் கை தடுமாறியது. மேஜையில் பிசுக்கு, அதனால்தான்.

"அந்த நாலு வார்த்தையையும் சொல்லுங்க ஒச்சம்மா."

"குதிரை. சிவப்பு." அதற்குமேல் வரவில்லை. "மத்த ரெண்டையும் நீங்க சத்தமா சொல்லல டாக்டர்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அந்த எழுதிக்கொள்ளும் அழகைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இதே நாற்காலியில் எத்தனை பேரை உட்கார வைத்து நானே தைரியம் சொல்லியிருக்கிறேன்.

பார்மசியில் என் மாத்திரை டப்பாவைக் கொட்டி எண்ணினார்கள். இருக்க வேண்டியதைவிட நிறைய மிச்சம். போன தடவை கூடுதலாகப் போட்டுவிட்டு இப்போது என்னைப் பார்க்கிறார்கள். வேலையில் ஒரு ஒழுங்கு இல்லை.

ஜூன் 13

ஸ்கேன் என்ற பெயரில் ஒரு குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். எனக்கு முன்னால் படுத்தவரின் தலை எண்ணெய் அந்தத் திண்டில் அப்படியே இருந்தது. உள்ளே தகரக் கொட்டகையில் சுத்தியலால் அடிக்கிற சத்தம். கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே கிடந்தேன்.

மத்தியானம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். கறுப்பு, சாம்பல், வெள்ளை. அது என் மூளையாம்.

"இந்தக் கிருமி ரத்தத்துல மட்டும் இருக்கிறதில்ல ஒச்சம்மா. வந்த கொஞ்ச நாள்லயே மூளைக்குள்ளயும் போயிடும். நீங்க மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பல வருஷம் சும்மா விட்டிருக்கீங்க. அப்ப ஆன சேதம் இது. இங்க பாருங்க, உள்பக்கம் இருக்கிற பகுதிகள் சுருங்கியிருக்கு. ஞாபகத்துக்கு உதவுற இடமும் சின்னதாகியிருக்கு. நரம்பு இழைகள் ஓடுற இந்த வெள்ளைப் பகுதியிலயும் சில இடம் பழுதாகியிருக்கு."

"பைத்தியமா?"

"இல்லவே இல்ல. கவனம் சிதறும், புதுசா நடக்கிறது தங்காது, சில பேரு மொகம் விட்டுப்போகும். மாத்திரைய ஒருநாள் விடாம சாப்பிட்டா இதோட நிறுத்தி வைக்கலாம். ஒருநாள் விடாம. புரியுதா?"

மாத்திரையைப் பற்றி எனக்கே பாடம். நான் தலையை ஆட்டினேன்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். களத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு உள்ளே உட்காருங்கள் என்றார். எடை பார்ப்பது, டோக்கன் கொடுப்பது. "உங்ககிட்ட இருக்கிறது முந்நூறு நானூறு பேரோட ரகசியம். ஒண்ணு கைதவறினா ஒரு குடும்பம் போயிடும்."

முடியாது என்று சொல்லிவிட்டேன். என்னைத் தேடி வந்து கும்பிட்டவர்களுக்கு முன்னால் டோக்கன் கிழிக்கிறதா? அதற்கு நான் செத்துப்போகலாம். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். கவுன்சிலர் ஜெபமணியிடம் மட்டும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார். அந்தப் பெண்ணின் பரிதாபப் பார்வையை இனி தினமும் தாங்க வேண்டும்.

ஜூன் 14

கேண்டீன் டீ சகிக்கவில்லை. பால் திரிந்த வாடை. டம்ளர் விளிம்பில் யாருடைய வெற்றிலைக் கறையோ. இவ்வளவு நாளாக இதை ஏன் எழுதாமல் விட்டேன் என்று தெரியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

நாத்தனார் பேச்சியின் பேரனுக்குக் காதுகுத்து. அவர்கள் ஊர்க் கோயிலில் கிடாவெட்டு. பேச்சி வாய் ஓயாதவள். அவளிடம் ஒன்றைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் எல்லை தாண்டிவிடும். ஆனாலும் என் புருஷன் வகையில் என்னை இன்னும் அழைப்பவள் அவள் ஒருத்திதான். அழைப்பாள், காபி மட்டும் எனக்குத் தனியாகப் பேப்பர் கப்பில் வரும். எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். அந்தக் கப்பை வாங்கும்போதெல்லாம் அவள் முகத்தில் ஊற்றலாமா என்று தோன்றும். குடித்துவிடுவேன்.

பந்தியில் மூளை வறுவல் வைத்தார்கள். "நல்லாச் சாப்பிடுங்க மதினி, மூளைக்கு நல்லது" என்று பேச்சி ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள். வெளிச்சத்தில் மாட்டின படம் கண்ணுக்கு முன்னால் வந்தது. இலையை மடித்துவிட்டு எழுந்தேன். கொல்லைப்பக்கம் போய் வாந்தி.

கை கழுவும் இடத்தில் ஒரு பெண். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. உண்மையான பெயரை எழுதக் கூடாது, செவ்வந்தி என்று வைத்துக்கொள்கிறேன். எத்தனை நாளாயிற்று, ஒரு முகம் பார்த்தவுடன் பளிச்சென்று தெரிந்து? பெயர், ஊர், புருஷன் செத்தது, தைராய்டு மாத்திரை என்று சொல்லி அண்ணன் வீட்டில் வைத்துச் சாப்பிடுவது, எல்லாம் வரிசையாக வந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"என்ன தாயி, போன வாரம் ஏன் வரல? மாத்திரை தீந்திருக்குமே?"

அவள் கையை உருவிக்கொண்டாள். "நீங்க யாருன்னு தெரியலையே" என்றாள். நானும் விடாமல், "என்னடி, ஒச்சக்காவத் தெரியலையா?" என்றேன்.

அப்புறம்தான் நான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. பக்கத்தில் அவளுடைய அண்ணன் பெண்டாட்டி சோப்பும் கையுமாக நின்றாள். பேச்சி நின்றாள். இன்னும் நாலைந்து பேர். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, ஒருத்தரும் அடைக்கவில்லை.

ஜூன் 17

யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மைக் செட் அலறிக்கொண்டிருந்தது.

ஜூன் 21, வெள்ளி

பேச்சி போனில் கூப்பிட்டாள். அவள் குரலில் இருந்த ருசியைச் சொல்ல வேண்டும். மூளை வறுவல் தோற்றது.

"மதினி, காசிமாயன் தங்கச்சிக்கும் ஒங்க சீக்காம்ல. நீங்க சொல்லித்தான தெரிஞ்சுச்சு. இப்ப அந்தப் பிள்ளைய மாட்டுக்கொட்டத்துல படுக்க வச்சிருக்காக. தட்டு, டம்ளரு எல்லாம் தனியா. அது தொட்ட பானையக்கூட ஒடச்சுப்போட்டாக."

"நான் அப்படி ஒண்ணும் சொல்லலயே பேச்சி."

"மாத்திரைக்கு ஏன் வரலன்னு கேட்டீகள்ல. நீங்க வேற என்ன மாத்திரை குடுப்பீக?"

போனை வைத்துவிட்டேன். காசிமாயன் என்பதும் செவ்வந்தியின் அண்ணனுக்கு நான் வைத்த பெயர்தான். பானையை உடைத்த அந்தக் கைகளை நினைத்தால் குமட்டுகிறது. அதைவிட என் நாக்கை நினைத்தால் குமட்டுகிறது. அறுத்து எறியலாம் போல் இருக்கிறது.

ஜூன் 24, திங்கள்

செவ்வந்தி மாத்திரை வாங்க இன்றும் வரவில்லை. அண்ணன் வெளியே விடுவதில்லையாம். ஜெபமணி கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள்.

"அக்கா, அந்தப் பிள்ள ராத்திரி எனக்கு ஃபோன் பண்ணுச்சு. பூச்சிமருந்தக் குடிச்சிருவேன்னு அழுகுது. நீங்களா இப்படிப் பண்ணீங்க? எங்களுக்கெல்லாம் நீங்கதான அந்தச் சட்டத்தச் சொல்லிக் குடுத்தீங்க."

"நான் போய்ப் பாக்குறேன்."

"எங்க போவீங்க? நீங்க அந்த வீட்டு வாசல்ல போய் நின்னாலே, ஆமா உண்மைதான்னு சொன்ன மாதிரி ஆயிரும்."

அவள் சொன்னது சரி. நான் சரிபண்ணப் போனால் இன்னும் கெடும். நான் வாயைத் திறந்து மறுத்தாலும், ஒச்சக்கா மறைக்கிறாள் என்பார்கள். என் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை. பதினாறு வருடமாக உண்மையைச் சொல்லிச் சொல்லிச் சேர்த்த மரியாதை அந்தப் பெண்ணின் கழுத்தில் கயிறாக விழுந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தும் இதையே நினைத்துக்கொண்டு பீரோ அடியில் கிடந்த ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சொல் செல்லாது என்று ஆகிவிட்டால்?

ஜூன் 26

ஜெபமணியிடம் சொன்னேன். "வேணாம்க்கா, ஊரே சிரிக்கும். அப்புறம் ஒருத்தரும் ஒங்கள நம்ப மாட்டாங்க" என்றாள். அதுதானே வேண்டும் என்றேன். அவள் அழுதாள். அழுதால் அவளுக்கு மூக்கு ஒழுகும், துடைக்கவும் மாட்டாள். எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

பேச்சியின் பங்காளி வீட்டில் ஒரு பெரியவருக்குக் கருமாதி. காதுகுத்துக்கு வந்த அதே கூட்டம், அதே வாய்கள். ஸ்கேன் படத்தை அந்தப் பெரிய கவரோடு எடுத்துக்கொண்டு போனேன். முதலில் பேச்சியைத் தனியாகக் கூப்பிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, படத்தை வெயிலில் தூக்கிக் காட்டினேன்.

"எனக்கு மூள சுருங்கிப் போச்சு பேச்சி. யாரப் பாத்தாலும் எங்க ஆஸ்பத்திரி ஆளு மாதிரியே தெரியுது. என்ன பேசுறேன்னு எனக்கே தெரியல."

பேச்சிக்கு முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "அய்யய்யோ மதினி" என்று சொல்லிக்கொண்டே கால் ஏற்கெனவே அடுப்படிப் பக்கம் நகர்ந்துவிட்டது.

கால் மணி நேரம் விட்டேன். பிறகு பந்தலுக்குள் போனேன். முதல் வரிசையில் ரிட்டயர்டான தலைமையாசிரியர், திருநீறும் கண்ணாடியுமாக. கையைப் பிடித்துக்கொண்டேன். "சார், போன மாசம் ஏன் வரல? மாத்திரை தீந்திருக்குமே?" அவர் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. அடுத்து பேச்சியின் புருஷன். அடுத்து பந்தி பரிமாறுகிறவர். அடுத்து மொட்டை போட்டு உட்கார்ந்திருந்த மூத்த மகன். அவரிடம் எடை குறைந்துவிட்டதே என்றும் கேட்டேன். பந்தலில் சிரிப்பு கிளம்பியது. ஒருவர், வாழைக்காய் வியாபாரி என்றார்கள், வெள்ளை வேட்டி, முறுக்கு மீசை, முன்பின் பார்த்ததில்லை. அவரிடமும் கேட்டேன். கையில் இருந்த தண்ணீரை வேட்டியில் கொட்டிக்கொண்டார். கூட்டம் இன்னும் சிரித்தது.

கடைசியாகக் காசிமாயன்.

"தம்பி, நீயும் வரலையே. மாத்திரைய நிறுத்தாத, ஒடம்பு கெட்டுரும்."

அடிக்கக் கை ஓங்கிவிட்டான். தலைமையாசிரியர்தான் பிடித்தார். "விடப்பா, என்னையும்தான் கேட்டாக. அதுக்கு மூள கெட்டுப்போச்சாம், ஸ்கேன்ல வந்திருக்காம். பாவம், நல்லா இருந்த பொம்பள."

காசிமாயன் பெண்டாட்டி மெதுவாக வந்து கேட்டாள். "அப்ப அன்னைக்கி எங்க நாத்தனார்கிட்ட கேட்டது?"

"நீ யாரு தாயி?" என்றேன். "நீயும் எங்க சென்டர்தான?"

அவள் இரண்டடி பின்னால் போனாள். அந்த முகச்சுளிப்பு இருக்கிறதே, நாய் வாந்தியை மிதித்தவள் மாதிரி. வாழ்க்கையில் ஒரு முகச்சுளிப்புக்காக நான் சந்தோஷப்பட்டது இன்றுதான். யாரோ ஒரு பையன் என் பின்னால் வந்து, "மாத்திரை சாப்ட்டியா" என்று கத்தினான். பஸ் ஏறும்வரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டே நடந்தேன். வீட்டுக்கு வந்து தலையோடு குளித்தேன். போகவில்லை.

ஜூலை 3

பேச்சி பேசினாள். செவ்வந்தியை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டார்களாம். காசிமாயனே கையைப் பிடித்து அழைத்து வந்தானாம். "பைத்தியக்காரி பேச்சக் கேட்டு எம் தங்கச்சிய ஒதுக்கிட்டேனே" என்று அழுதானாம். உடைத்த பானைக்குப் பதில் புதுப்பானையே வாங்கியாயிற்றாம். இதைச் சொல்லிவிட்டு, "நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க மதினி, விசேசத்துக்கெல்லாம் அலையாதீக" என்றாள். இனி பேப்பர் கப்பும் இல்லை என்று அர்த்தம். தொலையட்டும்.

மாத்திரை என்று தெரிந்தால் மாட்டுக்கொட்டம், பைத்தியக்காரி உளறல் என்றால் கூடத்தில் பாய். இப்படிப்பட்ட அன்பைக் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும். ஆனால் செவ்வந்தி நேற்று மாத்திரை வாங்கிப் போய்விட்டாள் என்று ஜெபமணி சொன்னாள். என்னைப் பார்க்காமல்தான் போனாளாம். என்னை மன்னிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

எப்படி நடித்தேன் என்று ஜெபமணிக்கு நடித்துக் காட்டினேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஸ்கேன் என்ன ஸ்கேன், இவ்வளவு தந்திரம் உள்ள மூளை எங்கே சுருங்கியிருக்கிறது?

ஜூலை 8, திங்கள்

காலையில் வரிசையில் அந்த வாழைக்காய் வியாபாரி நின்றார். அதே வெள்ளை வேட்டி, அதே மீசை. பார்த்ததும் பாவமாக இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வதைச் சொல்லப் போனேன்.

"பயப்படாதீக. இதுக்கு மாத்திரை இருக்கு. ஒழுங்காச் சாப்பிட்டா நூறு வயசு இருக்கலாம்."

அவர் சிரித்தார். "என்னக்கா, இங்கயும் நடிக்கிறீக."

நான் விழித்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னைக்கி என்னையும் சேத்துக் கேட்டீக பாருங்க, எனக்கு உசிரே போயிருச்சு. அப்புறந்தான் புரிஞ்சுச்சு, அந்தப் பிள்ளையக் காப்பாத்தத்தான் இம்புட்டும்னு. ஒங்களுக்குப் பெரிய மனசுக்கா."

தெரிந்தவள் போலச் சிரித்து அனுப்பினேன். ஜெபமணியிடம் போய், இவர் எப்போது சேர்ந்தார் என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அது பரிதாபமில்லை, பயம்.

"ஏழு வருசமாச்சுக்கா. ஒங்களுக்கு நெசமாவே தெரியலையா?"

தெரியவில்லை. அந்தப் பந்தலில், தெரியாத ஆள் என்று நம்பித்தான் அவர் கையைப் பிடித்தேன். நடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே நான் செய்தது, காதுகுத்தில் செய்த அதே காரியம். கூட்டம் சிரித்ததால் அவர் தப்பித்தார். சிரிக்காமல் இருந்திருந்தால் இன்னொரு மாட்டுக்கொட்டம்.

நேராக டாக்டரிடம் போனேன். மாத்திரை மிச்சம் வந்தது பார்மசியின் தப்பு இல்லை, நான்தான் சாப்பிட மறந்திருக்கிறேன் என்று சொன்னேன். இரண்டு தடவை போட்ட உப்பு, இரண்டு தடவை எழுதிய டீ, மறந்த மீட்டிங், எல்லாவற்றையும் சொன்னேன். களப்பணி அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தேன். டோக்கன் கிழிக்கிறேன் என்றேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே ஜெபமணி முன்னாடிதான் மாத்திரை சாப்பிடணும்" என்றார். சரி என்றேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் ஜெபமணியிடம் அந்த வியாபாரியின் கதையைச் சொல்லச் சொன்னேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நோய் என்று தெரிந்ததும் அவர் வீட்டைவிட்டு ஓடிவிட்டாராம். ஒருத்தி மூன்று ஊர் அலைந்து, ஒரு லாட்ஜ் மாடியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவரைக் கண்டுபிடித்தாளாம். சாகப் போகிறேன் என்றவரை, செத்தால் உன் வாழைக்காயை எவன் தின்பது என்று திட்டினாளாம். எவரும் தொடத் தயங்கிய உடம்பை அவளே துடைத்துவிட்டு, தினமும் தூக்குவாளியில் ரசச்சோறு கொண்டுபோய் ஊட்டினாளாம். மாத்திரை பிடித்துக்கொள்ளும்வரை திட்டிக்கொண்டே ஊட்டினாளாம்.

கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த லாட்ஜ் ஞாபகம் வரவில்லை, தூக்குவாளி ஞாபகம் வரவில்லை, ஒன்றுமே வரவில்லை. ஆனால் கதையில் வந்த அந்தப் பொம்பளையை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவளை எனக்குத் தெரியாது.